வேர்ப் பூசணமும் மண்ணின் நலமும்

இந்திய வேளாண்மை அயல்நாடுகளைப் பெரிதும் நம்பி நிற்கும் இடுபொருள்களுள் மணிச்சத்து முதன்மையானது. ராஜஸ்தானின் உதயப்பூருக்கு அருகே ஜாமர்கோட்ராவில் 1968இல் கண்டறியப்பட்ட பாறைப் பாஸ்பேட் படிவும், மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, சாகர் பகுதிகளில் உள்ள படிவுகளும் நாட்டின் தேவையில் ஒரு சிறு பங்கையே நிறைவு செய்கின்றன. எஞ்சியது பாறையாகவோ, பாஸ்பாரிக் அமிலமாகவோ, டை அம்மோனியம் பாஸ்பேட்டாகவோ கப்பலில் வந்து இறங்குகிறது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானிய முறை நடைமுறைக்கு வந்தது. இவ்விரு நடவடிக்கைகளும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதை மாற்றினவே அன்றி, அயல்நாட்டுச் சார்பை மாற்றவில்லை.

இவ்வளவு பொருட்செலவில் வந்து சேரும் உரம் வயலில் என்னவாகிறது என்பது சிந்திக்கத்தக்கது. இட்ட மணிச்சத்தில் சுமார் 15 முதல் 20 விழுக்காடு அளவே முதற்பயிருக்குக் கிட்டுகிறது என்பது பொதுவான மதிப்பீடு. மற்றதைக் கரிசல் மண்ணில் கால்சியமும், செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிணைத்துக்கொள்கின்றன. தழைச்சத்தைப் போல அது நீரோடு கரைந்து ஓடிவிடுவதும் இல்லை. காற்றில் கலந்துவிடுவதும் இல்லை. ஆண்டுதோறும் மண்ணிலேயே தங்கிச் சேர்கிறது. எனவே பல ஆண்டுகள் உரமிடப்பட்ட வயல்களில் மணிச்சத்து இல்லை என்பதைவிட, இருப்பது வேருக்கு எட்டவில்லை என்பதே பொருத்தமான கூற்றாகும்.

எட்டாமைக்குக் காரணம் எளிது. நைட்ரேட்டு மண்ணீரோடு வேரை நோக்கி நகரும். பாஸ்பேட்டு நகர்வது மிகமிக மெதுவாக. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தொலைவிற்குள் உள்ள மணிச்சத்தை விரைவில் எடுத்து முடித்துவிடுகிறது. அதன்பின் அவ்விடத்தில் ஒரு வறண்ட வளையம் ஏற்படுகிறது. அவ்வளையத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தொலைவு சென்று, அங்குள்ள மணிச்சத்தை வேருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நுண்ணிய இழைகளை உடையதே வேர்ப் பூசணம். மைக்கோரைசா என அறிவியலார் வழங்குவது பூசணமும் வேரும் சேர்ந்த இக்கூட்டினையே ஆகும்.

கூட்டு வாழ்வின் இயல்பு

1885இல் ஜெர்மானியத் தாவரவியலார் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு பிராங்க் இப்பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் பூசணம், வேர் எனப் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை அது. டிரபிள் எனப்படும் விலை மிகுந்த நிலக்காளானைப் பயிரிட முடியுமா என்று ஆராயுமாறு பிரஷ்ய அரசு அவரைப் பணித்திருந்தது. காளான் பயிராகவில்லை, ஆனால் காட்டு மரங்களின் வேர்நுனிகளைப் பூசணம் உறைபோல் மூடியிருப்பதும், அதனால் மரம் நலிவதற்கு மாறாகச் செழிப்பதும் அவருக்குப் புலப்பட்டன. நோயுண்டாக்குவதே பூசணத்தின் தொழில் என்று கருதப்பட்ட காலத்தில் இது துணிவான முடிவாகும்.

பிராங்க் கண்டது பைன் போன்ற மரங்களின் புறவேர்ப் பூசணம். கடுகை ஒத்த சில நீங்கலாகப் பெரும்பாலான வயற்பயிர்களிலும் புற்களிலும் காணப்படுவதோ வேறு வகை. அது வேரின் உள்ளே உயிரணுக்களுக்குள் நுழைந்து, சிறு மரம்போல் கிளைத்து நிற்கும். வேர் உட்பூசணம் என இதனை வழங்குவர். நிலத்தாவர இனங்களுள் ஏறத்தாழ 70 விழுக்காடு இத்தகைய உட்பூசணத்துடன் கூடி வாழ்கின்றன. இவ்வுறவு மிகத் தொன்மையானது. ஸ்காட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையுடைய தாவரப் படிவங்களில் இதே கிளைவடிவம் காணப்படுகிறது. நிலத்தில் முறையான வேர்கள் தோன்றுமுன்பே பூசணம் தாவரத்தோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது எனலாம்.

பூசண இழையின் குறுக்களவு பொதுவாக 2 முதல் 10 மைக்ரான் வரை. வேர்த்தூவியும் புகமுடியாத மண்துளைகளில் அது புகும். மணிச்சத்தோடு, மண்ணில் எளிதில் நகராத துத்தநாகம், செம்பு ஆகியவற்றையும் கொணரும். இங்கு மாணவர்கள் ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டும். உட்பூசணம் பிணைப்புண்ட மணிச்சத்தைப் பெருமளவில் கரைத்துத் தருவதில்லை. கரைந்துள்ளதைத் தொலைவிலிருந்து திரட்டுவதே அதன் முதன்மைத் தொழில். கரைப்பது வேறு சில நுண்ணுயிர்களின் வேலை. சில பயிர்களும் தாமே அதனைச் செய்யும். துவரையின் வேர் கசியும் பிசிடிக் அமிலம் செம்மண்ணில் இரும்போடு பிணைந்த மணிச்சத்தை விடுவிக்கிறது என்பது ஐதராபாத்தை அடுத்த படான்செருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தின் ஆய்வில் தெரியவந்து, 1990இல் வெளியிடப்பட்டது. விடுவிக்கப்பட்டது பயனாக வேண்டுமானால் திரட்டுவோரும் தேவை.

இத்தொண்டு விலையின்றிக் கிடைப்பதன்று. இலை ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய கரிமத்தில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூசணத்திற்குச் செல்கிறது. சர்க்கரை மட்டுமன்றிக் கொழுப்பு அமிலங்களையும் தாவரமே தருகிறது என்பது 2017இல் உறுதிசெய்யப்பட்டது. அவற்றைத் தானே ஆக்கும் திறன் இப்பூசணத்திற்கு இல்லை. உயிருள்ள வேரின்றி அது வாழாது. சோதனைக் கூடத்தில் தனித்து வளர்க்கவும் இயலாது. பின்னர்க் கூறப்படும் செய்திகள் யாவும் இந்த ஒரு பண்பிலிருந்தே கிளைப்பவை.

இந்தியாவில் ஆய்வு

1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிக் கம்போஸ்ட் தயாரிப்பு முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டு, 1940இல் வெளியான தம் நூலில் வேர்ப் பூசணத்திற்கு மிக உயர்ந்த இடம் அளித்தார். மக்கிய உரத்திற்கும் பயிர் நலத்திற்கும் இடையேயுள்ள இணைப்பு இதுவே என்றும், வேர் பூசணத்தைச் செரித்து ஊட்டம் பெறுகிறது என்றும் அவர் கருதினார். செரித்தல் என்ற விளக்கத்தைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. எனினும் இரசாயன உரத்தின் புகழ் ஓங்கி வந்த நாளில் மண்ணின் உயிரைப் பற்றிப் பேசியதற்காக அவர் நினைக்கப்பட வேண்டியவர்.

1950களில் இங்கிலாந்தில் பார்பரா மாஸ் அம்மையார், உட்பூசணம் ஏற்ற நாற்றுகள் கூடுதலாக வளர்வதைச் சோதனையால் நிறுவினார். 1963இல் ஜெர்டமன், நிக்கல்சன் ஆகிய இருவரும் மண்ணை நீரில் கலக்கிச் சல்லடைகளில் வடித்துப் பூசண வித்துகளைப் பிரிக்கும் முறையைப் புகுத்தினர். அதன்பின் ஆய்வு உலகெங்கும் பரவியது. இந்தியாவில் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாக்யராஜும் அவர் மாணவர்களும் ஆற்றிய பணி முன்னோடியானது. 1980களில் அவர்கள் கரிசல் மண்ணில் மிளகாய்க்கு இப்பூசணத்தை இட்டு வயல்நிலையில் சோதித்தனர். அதே காலத்தில் இக்ரிசாட்டில் கம்பின் பல்வேறு வகைகள் ஆராயப்பட்டன; ஒரே மண்ணில் வளர்ந்தபோதும் வகைக்கு வகை பூசணம் படியும் அளவு வேறுபட்டது. பயிர்ப்பெருக்க வல்லுநர்கள் இந்த வேறுபாட்டைத் தேர்வுக்குரிய பண்பாக இன்றளவும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை.

ராஜஸ்தான் பாலைநிலத்தில் முட்புதர்களின் வேர்ப்பகுதி மண்ணிலிருந்து அஜித் வர்மா குழுவினர் பிரித்தெடுத்து, 1998இல் பைரிபார்மோஸ்போரா இண்டிகா எனப் பெயரிட்ட பூசணமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. இன்று அது செரண்டிபிடா இண்டிகா என வழங்கப்படுகிறது. உட்பூசண வகையைச் சேராத இது, வேரின் துணையின்றி வளர்ப்பு ஊடகத்தில் வளரக்கூடியது. நோய்க்கிருமிகளை அடக்கும் டிரைக்கோடெர்மாவும் நன்மை பயக்கும் பூசணமே. ஆயினும் வேர் உட்பூசணத்தின் இடத்தை இவை நிரப்ப மாட்டா.

வெற்று நிலத்தின் விலை

வேரில்லாத மண்ணில் பூசணம் என்னவாகும் என்பதற்குச் சிறந்த சான்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. அங்குள்ள டார்லிங் டவுன்ஸ் பகுதியின் மண் நம் தக்காணத்துக் கரிசலை ஒத்தது. ஓராண்டிற்கு மேல் தரிசாக விடப்பட்ட வயல்களில் ஈரமும் நைட்ரேட்டும் நிறைந்திருந்தும் பயிர் குன்றியது. மணிச்சத்து, துத்தநாகக் குறைபாட்டின் அறிகுறிகள் தோன்றின. நெடுந்தரிசுக் கோளாறு எனப்பட்ட இதன் காரணத்தை 1987இல் ஜே. பி. தாம்சன் விளக்கினார்: தரிசுக் காலத்தில் பூசணத்தின் வித்துகளும் இழைகளும் உயிரிழந்து குறைந்தமையால் வேர்களில் பூசணம் படியவில்லை.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர், கர்நாடகத்தின் விஜயபுரா போன்ற மாவட்டங்களில் ஆழ்ந்த கரிசல் நிலத்தை மழைக்காலத்தில் வெறுமையாக விட்டு, சேமிக்கப்பட்ட ஈரத்தில் ரபிப் பருவச் சோளமும் கொண்டைக்கடலையும் குசும்பாவும் விதைப்பது நெடுநாள் வழக்கம். முந்தைய அறுவடையிலிருந்து அடுத்த விதைப்பு வரை ஏழெட்டு மாதங்கள் மண்ணில் உயிருள்ள வேர் இருப்பதில்லை. குவீன்ஸ்லாந்துத் தரிசினும் இது குறுகியது. ஆனால் வெப்பமும் மழையீரமும் களையெடுக்கும் உழவும் சேர்ந்த காலம். பூசண வளம் குறைவதற்கு ஏற்ற நிலைமைகள் அனைத்தும் இங்கும் உள்ளன.

இதனைக் கொண்டு உழவரைக் குறை கூறுவது முறையன்று. நனைந்த கரிசலில் மாடும் இறங்காது, கருவியும் இறங்காது, மழையோ நிச்சயமற்றது. சோளத்திற்கு உத்தரவாதமாக ஈரம் வேண்டும் என்பதாலேயே அவர் நிலத்தைக் காயவிடுகிறார். 1972இல் தோன்றிய இக்ரிசாட் வகுத்த அகலப் பாத்தி-சால் முறை, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் சால்கள் அமைத்து மிகைநீரை வடித்து, மழைக்காலத்திலும் ஒரு பயிர் எடுக்க வழிசெய்தது. ஆண்டிற்கு 750 மில்லிமீட்டருக்கு மேல் நம்பத்தக்க மழை பெய்யும் இடங்களுக்கே அது உரியது. அதனினும் குறைந்த மழையுள்ள இடங்களில், நிலத்தின் ஒரு பகுதியிலேனும் பாசிப்பயறு, உளுந்து போன்ற குறுகிய காலப் பயறுகளை மழைக்காலத்தில் விதைத்துப் பார்க்கலாம். பயறு காய்த்தால் வருவாய். காய்க்காவிடினும் பூசணத்திற்குச் சில வாரங்கள் உறைவிடம். ஆனால் ஈரம் எவ்வளவு குறைந்தது, சோளத்தின் விளைச்சல் எவ்வளவு மாறியது என்பதை அந்தந்த வட்டாரத்திலேயே அளந்து பார்த்த பின்னரே இதனைப் பரிந்துரைக்க வேண்டும்.

பயிர்ச் சுழற்சியிலும் கவனம் வேண்டும். கடுகு, கோசு முதலிய குடும்பத்துப் பயிர்களும் கீரை, பீட்ரூட் குடும்பத்துப் பயிர்களும் உட்பூசணத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ராஜஸ்தானில் மழைக்காலத்தில் நிலத்தைத் தரிசாக விட்டுப் பின் கடுகு விதைக்கும் வயலில், ஓராண்டு முழுதும் பூசணத்திற்கு வீடில்லை. கடுகிற்கு அது தேவையில்லையாதலால் கடுகு விளைச்சலில் குறை தெரியாது. இழப்பு அடுத்து வரும் பயிரின் கணக்கில் விழும். கம்பிற்குப் பின் கடுகு விதைப்பது இதனினும் மேலானது.

சிந்து-கங்கைச் சமவெளியின் நெல்-கோதுமைச் சுழற்சியில் சேற்றுழவும் தேங்கிய நீரும் காற்றை விரட்டுவதால் பூசணம் ஒடுங்குகிறது. கோதுமையை உழவின்றி விதைக்கும் முறையில் இழைவலை அறுபடாமல் இருக்க வாய்ப்புண்டு.

உரமும் பூசணமும்

மண்ணில் மணிச்சத்து மிகுந்தால் தாவரம் பூசணத்தை ஏற்பதைக் குறைத்துக்கொள்கிறது. கரிமத்தைச் செலவிட்டு வாங்க வேண்டியதை அருகிலேயே பெறும்போது அது இயல்பே. உரமே இடலாகாது என்பது இதன் பொருளன்று. மணிச்சத்து மிகவும் குறைந்த மண்ணில் சிறிதளவு இட்டால் பயிரும் வளரும், பூசணமும் வளரும். தீங்கு செய்வது மண்பரிசோதனை முடிவைப் பாராமல் ஆண்டுதோறும் ஒரே அளவு இடும் பழக்கம். காய்கறி, கரும்பு, உருளைக்கிழங்கு பயிராகும் பல இடங்களில் மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுதி. அங்குப் பூசணத்தைப் பொட்டலத்தில் வாங்கி இடுவதும், அதே நாளில் முழு அளவு டை அம்மோனியம் பாஸ்பேட் இடுவதும் ஒன்றையொன்று கெடுக்கும் இரு செலவுகள்.

பொட்டலத்தைப் பற்றியும் சில சொற்கள் தேவை. உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985இன் கீழ் 2006இல் உயிர் உரங்கள் கொண்டுவரப்பட்டன. பின்னர் வேர்ப் பூசணமும் சேர்க்கப்பட்டு, அதற்கான தர அளவுகள் வகுக்கப்பட்டன. மக்காச்சோளம், கேழ்வரகு போன்ற பயிர்களின் வேரில் வளர்த்து, அம்மண்ணையும் வேர்த்துண்டுகளையும் உரமாகத் தரும் முறை பழையது. சோதனைக்குழாயில் கேரட் வேரோடு வளர்க்கும் முறை 1988க்குப் பின் பரவியது. டெரி நிறுவனம் அம்முறையில் பெருமளவு உற்பத்தியை இந்தியாவில் வளர்த்தெடுத்தது. உயிர்ப்பொருளாதலால் வெயிலில் கிடந்த கிடங்குச் சரக்கு பயன் தராது. வணிகப் பொருள்களில் உயிருள்ள பூசணம் போதிய அளவு இல்லாமை பல நாட்டு ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது.

எங்கு இடுவது பயன் தரும் என்பதும் தெளிவு. நாற்றங்காலில் வளரும் மிளகாய், தக்காளி, பழமரக் கன்றுகள் ஆகியவற்றுக்குச் சிறிதளவு போதும். வேரோடு அது வயலுக்குச் செல்லும். சுரங்கக் கழிவுமேடு, மேல்மண் அரித்துச் சென்ற சரிவு போன்ற உயிரற்ற இடங்களிலும் பயனுண்டு. ஆனால் ஏக்கர் கணக்கான மானாவாரி வயலில், உள்ளூர்ப் பூசணம் ஏற்கெனவே இருக்கும் மண்ணில், வெளியிலிருந்து கொணர்ந்தது நிலைக்கும் என்பது உறுதியில்லை. உள்ளதைக் காப்பதே சிக்கனமானது. மானியத்தோடு வழங்கும் பொருளுக்குத்தான் இலக்கும் கணக்கும் உண்டு, காப்பதற்கு இல்லை. துறைகள் பொட்டலத்தின் பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம்.

மேய்ச்சல் நிலங்கள்

நிலையான மேய்ச்சல் நிலமாக நாட்டில் பதிவாகியிருப்பது ஏறத்தாழ 1 கோடி ஹெக்டேர். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கால்நடைகள் 53 கோடிக்கு மேல். தரிசையும் காட்டையும் அறுவடையான வயலையும் சேர்த்தே அவை மேய்கின்றன. 1973இல் டபட்காவ், சங்கரநாராயண் ஆகியோர் இந்தியப் புல்வெளிகளை ஐந்து வகையாகப் பகுத்தனர். அவற்றுள் தீபகற்பத்தின் வறண்ட புல்வெளிகளும் மேற்கிந்தியாவின் பாலைப் புல்வெளிகளும் பூசணத்தைப் பெரிதும் சார்ந்தவை எனக் கருத இடமுண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் பெருவெளியில் நடந்த ஆய்வுகளில், வெப்பப் பருவத்தில் வளரும் உயர்ந்த புற்கள் பூசணமின்றி மிகவும் நலிந்தன. குளிர்ப்பருவப் புற்கள் அவ்வளவு நலியவில்லை. நம் கொழுக்கட்டைப் புல்லும் ஜெய்சல்மேரின் சேவண் புல்லும் ஒளிச்சேர்க்கை முறையில் முன்னைய வகையைச் சேர்ந்தவை.

மேய்ச்சலே தீங்கன்று. அளவோடு கடிபட்ட புல் மீண்டும் தழைக்கும். ஓய்வின்றிக் கடிபடும் புல்லோ, எஞ்சிய கரிமத்தை இலையாக்கவே செலவிடும், வேருக்குச் செல்வது குறையும், பூசணம் பட்டினியாகும். பூசணம் குறைந்தால் மண்கட்டிகளைப் பிணைத்து நிற்கும் இழைவலையும் தளர்கிறது. குளோமாலின் என 1996இல் பெயரிடப்பட்ட பசைப்பொருளே பிணைக்கிறது என்ற கருத்து பெரிதும் பரவியது. அதன் வேதியியல் இயல்பு பற்றி வல்லுநரிடையே ஒத்த முடிவு இல்லை. இழைகளே கட்டிகளைச் சுற்றிப் பிணைப்பதில் ஐயமில்லை. பிணைப்பு தளர்ந்த மண்ணைக் காற்றும் மழையும் கொண்டு செல்கின்றன. பூசண வித்துகள் பெரும்பாலும் மேல் 20 சென்டிமீட்டரிலேயே இருப்பதால், மண்ணோடு அவையும் போகின்றன. அதன்பின் வேலியிட்டுப் புல்விதை தூவினாலும் நாற்று நிலைகொள்வது அரிது.

மேற்கு ராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாயும் டிராக்டரும் வந்தபின் சேவண் புல்வெளிகள் பல உழவுக்குள்ளாயின. பல்லாண்டு வாழும் அப்புதர்ப் புல் கோடையிலும் வேரை உயிரோடு வைத்திருக்கும். அதற்கு மாற்றாக வந்த ஓராண்டுப் பயிர் அவ்வாறு செய்வதில்லை. கம்பு வயலில் வன்னி மரத்தை விட்டுவைத்து, தீவனத்திற்காக ஆண்டுக்கொருமுறை கிளை கழிக்கும் அப்பகுதி வழக்கம் இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. கம்பு அறுவடைக்குப் பின்னும் வன்னியின் வேர் மண்ணில் பூசணத்தைப் பேணுகிறது. கோயில்களைச் சார்ந்து மரம் வெட்டாது காக்கப்படும் ஓரண் நிலங்களும், ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்களும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் தரிசென்றே குறிக்கப்படும்போது, பிற பயனுக்கு அவற்றை ஒதுக்குவது எளிதாகிவிடுகிறது. ஜான்சியில் 1962இல் நிறுவப்பட்ட இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனமும், ஜோத்பூரின் மத்திய வறண்டநில ஆராய்ச்சி நிறுவனமும் மரமும் புல்லும் கலந்த மேய்ச்சல் முறைகளை நெடுங்காலமாகச் சோதித்து வந்துள்ளன. நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, மழை தொடங்கிய முதல் வாரங்களில் ஒரு பகுதிக்கேனும் மேய்ச்சலிலிருந்து ஓய்வளிப்பது பெரும் முதலீடு வேண்டாத ஏற்பாடு. வேண்டுவது ஊராரின் உடன்பாடு.

அளந்தறிதல்

2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் 12 இயல்புகளைப் பதிவு செய்கிறது. தழை, மணி, சாம்பல், கந்தகம் ஆகிய சத்துகள்; துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் ஆகிய நுண்சத்துகள்; கார அமில நிலை, மின்கடத்து திறன், அங்ககக் கரிமம். உயிரைப் பற்றிய நேரடி அளவு ஒன்றும் இதில் இல்லை. நாடெங்கும் கோடிக்கணக்கில் மாதிரிகளைச் சோதிக்கும் திட்டத்தில் அதனைச் சேர்ப்பது எளிதன்று என்பதும் உண்மை.

ஆனால் ஒவ்வொரு வயலையும் சோதிக்க வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்தின் முக்கியப் பயிர் முறைகளில் சில வயல்களையும் ஒன்றிரண்டு மேய்ச்சல் நிலங்களையும் தேர்ந்து, விதைத்த ஆறாம் வாரத்தில் வேர்களைச் சோதித்தாலே பயனுள்ள செய்தி கிடைக்கும். 1998இல் வெளியான ஓர் எளிய முறையில், மெல்லிய வேர்களைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கொதிக்கவைத்து நிறம் நீக்கிக் கழுவி, காடியில் கலந்த எழுதுமையில் சில நிமிடங்கள் கொதிக்கவைத்தால், பூசணம் மட்டும் நிறமேற்று நுண்ணோக்கியில் தெரியும். கட்டம் வரைந்த தட்டில் வேர்களைப் பரப்பி, கோடுகளை வெட்டும் இடங்களுள் எத்தனையில் பூசணம் உள்ளது என்று எண்ணினால் விழுக்காடு கிடைத்துவிடும். நாட்டில் இன்று 700க்கு மேற்பட்ட வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. மண்பரிசோதனைக் கூடமும் நுண்ணோக்கியும் உள்ள நிலையங்களில் இதற்குப் புதிதாக வேண்டுவன ஒரு புட்டி மையும், காடியும், ஓரிரு நாள் பயிற்சி பெற்ற ஓர் உதவியாளருமே.